எங்க ஊர் மருந்தும் ஆபரேஷன் மருந்தும்

(மூன்றாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு மாணவன்)



நம்ம சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்று சொன்னால் வெளியூர்க்காரர் நினைப்பது ஒன்று, நாம் நினைப்பது வேறு. நான் சின்ன வயதில், "அம்மா மருந்து செலுத்தப் போயிருக்கு" என்று சொன்னதைக் கேட்டு, வெளியூரிலிருந்து புதிதாய் வந்த டீச்சர், "வீட்ல யாருக்குப்பா உடம்பு சரியில்ல?" என்று பதறிப் போய்க் கேட்டார்களாம். நமக்கு மருந்து என்றால் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். ஆஸ்பத்திரியில் கொடுப்பதை 'மாத்திரை' என்று சொல்லி முடித்துவிடுவோம்.

இந்தக் கட்டுரை ஆஸ்பத்திரி மருந்தைப் பற்றியது. அதிலும் ஒரே ஒரு மருந்து. ஆபரேஷனுக்கு முன்னால் தோலின் மேல் காவி நிறத்தில் பூசுகிறார்களே, அது. பிரிண்டிங் படிக்கிற பையனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். மலர்க்குழு அண்ணன்கள், "கவிதை ஏகப்பட்டது வந்துடுச்சு, நீயாவது வேற எதாச்சும் எழுதுடா" என்றார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் அப்பா.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஒரு பிரஸ்ஸில் லோடுமேன். பேப்பர் கட்டுகளைத் தூக்கித் தூக்கி அவருக்குக் குடல் இறக்கம் வந்துவிட்டது. அடிவயிற்றில் வலப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். இரண்டு வருஷம் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலை பார்த்தார். "காலண்டர் சீசன் முடியட்டும், காலண்டர் சீசன் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டு, நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது மாசி மாதம் ஒருவழியாய் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

"நல்லா குளிச்சுட்டு வாங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா அதோடு நிற்கவில்லை. முதல் நாள் ராத்திரி கடையில் புது பிளேடு ஒன்று வாங்கி, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அடிவயிறு முழுக்கச் சிரைத்துவிட்டார். "அங்க எவனோ ஒருத்தன் வந்து நம்மளச் செரைக்கணுமா? அந்தக் கூச்சமெல்லாம் எதுக்கு?" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. படிகாரம் தடவிக்கொண்டார். அவர் கணக்கில், அன்றைக்கு அவரை விடச் சுத்தமான மனுஷன் ஜில்லாவிலேயே கிடையாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் தையலைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தது. ஏழாம் நாள் சீழ். இரண்டு தையலைப் பிரித்துவிட்டு, தினமும் கழுவிக் கட்டு மாற்றினார்கள். மேல்தோலோடு நின்றது எங்கள் நல்ல காலம். ஆனாலும் ஒரு மாதத்தில் எழுந்து நடமாட வேண்டியவர் மூன்று மாதம் வீட்டில் இருந்தார். லோடுமேனுக்கு ஏது லீவு சம்பளம்? அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. நான் ராத்திரி ஷிஃப்டுக்கு ஒரு பிரஸ்ஸில் பேப்பர் அடுக்கப் போனேன். பகலில் கிளாஸில் தூங்கினேன். அப்புறம் கிளாஸுக்கே வரவில்லை. அட்டெண்டென்ஸ் குறைந்து, கண்டொனேஷன் கட்டினால்தான் பரீட்சை என்ற நிலை வந்தது. 'நின்னுரலாமா' என்று நான் யோசித்ததை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. இந்த மலரை யாரும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டாதீர்கள்!

கட்டு மாற்றுகிற நர்ஸ் அக்கா ஒரு நாள் காயத்தைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, ஆபரேசனுக்கு முந்தின நாள் நீங்களா பிளேடு போட்டீங்களா?" என்று கேட்டார்கள். அப்பா பெருமையாக, "ஆமாம்மா" என்றார். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து என்னிடம்தான் சொன்னார்கள். டாக்டரிடமும் போய்க் கேட்டேன். "இதனாலதான் வந்துச்சுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாதுப்பா. உங்கப்பா பீடி குடிக்கிறார், அதுவும் ஒரு காரணம். இன்னும் நாலு காரணம் இருக்கலாம். ஆனா பிளேடு கிருமிக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கும்" என்றார். அந்தக் கதவு என்ன கதவு, அந்தக் காவி மருந்து ஏன் அதை மூடவில்லை என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

தோல் என்றால் ஏதோ உடம்பைச் சுற்றிய பாலித்தீன் கவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மதில். மதில் இடிந்தால் என்ன ஆகும் என்று நம் ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். தீக்காயம் பட்டவர்களில் பலர் தீயில் தப்பித்து, நாட்கள் கழித்துக் கிருமியால் இறக்கிறார்கள்; மதில் இல்லாததுதான் காரணம். (இடையில் ஒரு வார்த்தை: தீ பட்டால் பேனா மை, பற்பசை எதையும் பூசாதீர்கள். இருபது நிமிஷம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

ஆபரேஷன் என்பது டாக்டரே அந்த மதிலை வேண்டுமென்று உடைப்பது. உடைக்கிற இடத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு வகை ஆட்கள். ஒன்று, பஸ்ஸுக்கு வந்த பயணிகள். இரண்டு, கடை வைத்திருப்பவர்கள். பஸ் ஸ்டாண்டைத் தண்ணீர் அடித்துக் கழுவினால் பயணிகள் கலைந்து போய்விடுவார்கள். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இருப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் கடை திறந்துவிடும். நம் தோலிலும் அப்படித்தான். கைபட்டு, தூசிபட்டு வந்து ஒட்டிய கிருமிகள் பயணிகள். சோப்புப் போட்டுக் குளித்தால் பெரும்பாலும் போய்விடும். ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் மாதிரியான பாக்டீரியாக்கள் கடைக்காரர்கள். மயிர்க்காலுக்குள்ளும் எண்ணெய்ச் சுரப்பிக்குள்ளும் குடும்பத்தோடு இருப்பவை. இவற்றில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு எந்த மருந்தும் எட்டாத ஆழத்தில் இருக்கிறது. ஆகவே, தோலை முழுக்கக் கிருமி இல்லாமல் ஆக்க யாராலும் முடியாது. கத்தியையும் கத்தரியையும் நீராவி அழுத்தத்தில் வேகவைத்துச் சுத்தம் செய்யலாம். அப்பாவை வேகவைக்க முடியுமா?

அப்படியானால் பூசி என்ன பயன்? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. இதற்குப் பதில் 1957-ல் எலெக், கோனென் என்ற இருவர் வெளியிட்ட ஒரு சோதனையில் இருக்கிறது. தாமாக முன்வந்தவர்களின் தோலுக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சும்மா செலுத்தினால் சீழ் பிடிக்க லட்சக்கணக்கில், பத்து லட்சத்துக்கும் மேலே, கிருமி தேவைப்பட்டது. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தால்? சில நூறு கிருமியே போதுமாக இருந்தது! நூல் மறைவிடம் கொடுக்கிறது. உடம்பின் வெள்ளை அணுக்களால் அங்கே சரியாகச் சண்டை போட முடியவில்லை. ஆபரேஷன் என்றால் தையல் இல்லாமல் இருக்காது. அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே கிருமியின் எண்ணிக்கையை உடம்பே சமாளித்துக்கொள்ளும் அளவுக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். தையல் போட்டு முடிக்கும் வரை அது மேலே ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூசும் மருந்தின் வேலை இவ்வளவுதான். கடைக்காரர்களை ஒழிப்பது அல்ல, சில மணி நேரம் கடையடைப்பு நடத்துவது.

இனி மருந்துக்கு வருவோம். அந்தக் காவி மருந்தின் பெயர் போவிடோன் அயோடின். பெட்டாடின் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். இதில் வேலை செய்வது அயோடின். இந்த அயோடின் எங்கே கண்டுபிடிக்கப்பட்டது தெரியுமா? படித்தபோது எனக்கே ஒரு நிமிஷம் நம்ப முடியவில்லை. வெடியுப்புத் தயாரிக்கிற பட்டறையில்!

1811-ஆம் ஆண்டு. பிரான்சில் நெப்போலியன் யுத்தம் நடத்திக்கொண்டிருந்த காலம். துப்பாக்கி மருந்துக்கு வெடியுப்பு வேண்டும். பெர்னார்ட் கூர்த்வா என்பவர் வெடியுப்புத் தொழில் நடத்தி வந்தார். அதற்கு வேண்டிய காரத்தைக் கடற்பாசியை எரித்த சாம்பலிலிருந்து எடுத்தார். ஒரு நாள் அந்தச் சாம்பல் கரைசலில் கந்தக அமிலம் அதிகமாகப் பட்டுவிட்டது. ஊதா நிறத்தில் ஆவி கிளம்பி, குளிர்ந்த இடத்தில் கறுப்பாய்ப் பளபளக்கும் படிகமாக உறைந்தது. அதுதான் அயோடின். ஊதா நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறகு பெயர் வைத்தார்கள். கூர்த்வா அதனால் பணக்காரர் ஆகவில்லை, 1838-ல் வறுமையில்தான் இறந்தார். ஆக, அம்மா செலுத்துகிற மருந்தும் அப்பா வயிற்றில் பூசிய மருந்தும் ஒரே பட்டறையில் பழகியவை. எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "பட்டாசு ஆபீஸ்ல உள்ளவன் என்னத்தையாவது கண்டுபிடிக்கத்தான் செய்வான்" என்றது.

ஆரம்பத்தில் இதை ஆபரேஷனுக்கு யாரும் பூசவில்லை. கிருமியைக் கொன்று காயத்தைக் காப்பாற்றலாம் என்று காட்டிய ஜோசப் லிஸ்டர் பயன்படுத்தியது கார்பாலிக் அமிலம். 1865 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆஸ்பத்திரியில், வண்டி ஏறிக் கால் முறிந்து எலும்பு தோலைக் கிழித்து வந்த பதினொரு வயதுப் பையனுக்கு அதை நனைத்துக் கட்டினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதுதான் வழக்கம். பையன் ஆறு வாரத்தில் கால் கூடினான். ஆனால் கார்பாலிக் அமிலம் டாக்டரின் கையையே அரித்தது. 1908-ல் அன்டோனியோ கிராசிச் என்ற அறுவை மருத்துவர், அயோடினைச் சாராயத்தில் கரைத்த டிங்சரை வெட்டும் இடத்தில் பூசிக் காட்டிய பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. டிங்சர் அயோடின் போட்டால் எப்படி எரியும் என்று நம் தாத்தாக்களைக் கேளுங்கள்.

எரியாமல் செய்தது போவிடோன் என்ற ஒரு பிளாஸ்டிக் சங்கதி. 1930-களின் கடைசியில் ஜெர்மனியில் வால்ட்டர் ரெப்பே உருவாக்கியது. நாம் ரெக்கார்டு நோட்டில் படம் ஒட்டுகிறோமே க்ளூ ஸ்டிக், அதில் கூட இது உண்டு. இதன் நீண்ட மூலக்கூறு அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரேஷன் கடை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விடும். 10 சதவீத போவிடோன் அயோடினில் பயன்படக்கூடிய அயோடின் 1 சதவீதம். அதிலும் ஒரு நேரத்தில் கட்டவிழ்ந்து திரிவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் கொஞ்சம்தான் கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே போய் அதன் புரதங்களையும் கொழுப்பையும் ஆக்ஸிஜனேற்றம் செய்து கெடுக்கிறது. அது செலவானதும் அடுத்த பங்கு அவிழும். காவி நிறம் இருக்கும் வரை கையிருப்பு இருக்கிறது. நிறம் வெளுத்தால் தீர்ந்துவிட்டது. ரத்தமும் சீழும் இருந்தால் அயோடின் அவற்றிலேயே செலவாகிவிடும். அதனால்தான் அப்பாவின் காயத்தை முதலில் கழுவிவிட்டு அப்புறம்தான் மற்றதெல்லாம் செய்தார்கள்.

ஒரு வேடிக்கை. அப்பாவின் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் இந்த மருந்து சிந்தியபோது காவியாகக் கறை படியவில்லை, கருநீலமாகப் படிந்தது. அம்மா பயந்தேவிட்டது. ஸ்டார்ச்சில் அயோடின் பட்டால் நீலமாகும் என்று லேபில் படித்தோமே, அதுதான்! நான் படித்த படிப்பு வீட்டில் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் அது. "இவன் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கான்" என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

அடுத்தது ஆல்கஹால். நம் டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்கு இது பழகிய வாசனை. ஆஃப்செட் மெஷினில் பிளேட்டை நனைக்கிற தண்ணீரில் ஐ.பி.ஏ. ஊற்றுகிறோமே, அந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலேதான். தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து பிளேட்டில் சீராகப் பரவச் செய்வது போல, தோலின் சுருக்கங்களுக்குள்ளும் சட்டென்று பரவும். கிருமியின் புரதத்தை முட்டை வேகுவது போல உறைய வைத்துவிடும். இதில் ஒரு சூட்சுமம்: 100 சதவீத ஆல்கஹாலை விட 70 சதவீதம் நன்றாகக் கொல்லும். புரதம் குலைவதற்குத் தண்ணீரும் வேண்டும். தவிர, சுத்த ஆல்கஹால் வேலை முடியும் முன்பே பறந்துவிடும். 2020-ல் கொரோனா சமயத்தில் சானிடைசர் பாட்டிலில் 70 என்று போட்டிருந்ததைப் பார்த்து, மீதி முப்பதில் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று எங்கள் தெருவில் ஒருத்தர் சண்டைக்கே போனார். ஆல்கஹால் மாதிரி வேகமாகக் கொல்லும் மருந்து வேறில்லை. ஆனால் காய்ந்ததும் அதன் வேலை தீர்ந்தது. கடையடைப்பு நீடிக்க வேண்டுமானால் கூட ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் குளோர்ஹெக்சிடின். 1950-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உருவானது. சாவ்லானில் கொஞ்சம் இருக்கிறது. இதன் மூலக்கூறுக்கு நேர் மின்னூட்டம். பாக்டீரியாவின் மேற்பரப்புக்கு எதிர் மின்னூட்டம். ஒட்டிக்கொண்டு சவ்வை ஓட்டையாக்கி உள்ளே இருப்பதைக் கசியவிடும். தோலிலும் ஒட்டிக்கொள்வதால் மணிக்கணக்கில் காவல் நிற்கும். ஆனால் சாதாரண சோப்புக்கு எதிர் மின்னூட்டம். சோப்பைச் சரியாக அலசாமல் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மருந்து வீணாகிவிடும். கண்ணிலும் காதுக்குள்ளும் இது படவே கூடாது.

சரி, எல்லா மருந்துக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் முக்கியமான வார்த்தை இதுதான். காயவிட வேண்டும்.

நர்ஸ் அக்கா சொன்னது அப்படியே: "புதுசா வர்ற பிள்ளைங்க பெயிண்ட் அடிச்சாப் போதும்னு நெனக்கும். பூசுனது மருந்து இல்ல தம்பி, பூசிட்டுக் காத்திருக்கிறதுதான் மருந்து." அயோடின் அவிழ்ந்து கிருமியைத் தொட்டுக் கொல்ல நிமிஷக் கணக்கில் நேரம் வேண்டும். பூசிய கையோடு பஞ்சால் துடைத்துவிட்டால் நிறம்தான் மிச்சம். ஆல்கஹால் கலந்த மருந்தாக இருந்தால் முடியில்லாத தோலில் குறைந்தது மூன்று நிமிஷம் காய வேண்டும் என்பது விதி. முடி அடர்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் கூட ஆகலாம்.

இந்த மூன்று நிமிஷத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நம்மைப் போல் வேறு எந்த ஊர் மாணவனும் புரிந்துகொள்ள மாட்டான். தீ! ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே பற்றும் தன்மை உடையது. நம் ஊரில் என்றைக்கு 12 டிகிரி இருந்தது? ஆபரேஷன் தியேட்டரில் ரத்தக் குழாயைக் கருக்கி அடைக்க மின்சாரக் கருவி வைத்திருக்கிறார்கள்; அதில் பொறி பறக்கும். மூச்சுக்கு ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும். பூசிய ஆல்கஹால் முதுகுக்கு அடியிலோ தொப்புள் குழியிலோ தேங்கி, அதன் மேல் துணியைப் போர்த்தி ஆவியை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? எரிபொருள், காற்று, பொறி மூன்றும் ஒரே அறையில். பல நாடுகளில் இப்படி நோயாளிகள் தியேட்டர் மேஜையிலேயே தீக்காயம் பட்டிருக்கிறார்கள். மணிமருந்து காயாமல் அடுத்த அறைக்குப் போகக்கூடாது, உராயக்கூடாது, இரும்புக் கருவி ஆகாது, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று நம் அம்மாமார்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவசரப்பட்ட இடத்தில்தான் எப்போதும் வெடித்திருக்கிறது. தியேட்டருக்கும் அதே சட்டம்தான் என்று தெரிந்தபோது, அந்த அந்நிய இடம் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

எந்த மருந்து உசத்தி? இதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் 849 பேரை வைத்துச் செய்த ஆய்வில், குளோர்ஹெக்சிடின் ஆல்கஹால் பூசியவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், தண்ணீரில் கரைத்த போவிடோன் அயோடின் பூசியவர்களில் 16.1 சதவீதம் பேருக்கும் காயத்தில் கிருமி வந்தது. 2016-ல் உலக சுகாதார நிறுவனமும் குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலையே சிபாரிசு செய்தது. பிறகு இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 54 ஆஸ்பத்திரிகளில், நம்மைப் போன்றவர்கள் போகும் ஆஸ்பத்திரிகளில், 5,788 பேரிடம் ஃபால்கன் என்ற ஆய்வு நடந்தது. 2021-ல் முடிவு வந்தது: வித்தியாசம் தெரியவில்லை. விலை குறைந்த காவி மருந்து தோற்கவில்லை. எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம், மறைக்க விரும்பவில்லை. எந்த மருந்தானாலும் பாட்டிலைத் திறந்து போட்டு, தீரத் தீர மேலே ஊற்றி நிரப்பினால் கிருமிநாசினிக்குள்ளேயே கிருமி வளரும். 1980-வாக்கில் அமெரிக்காவில் போவிடோன் அயோடின் பாட்டிலுக்குள்ளிருந்தே பாக்டீரியாவைக் கண்டெடுத்திருக்கிறார்கள்!

போன வருஷம் எங்கள் அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை. ஊருக்கு முகாம் வந்து, பஸ்ஸில் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். அந்த ஆஸ்பத்திரியை 1976-ல், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி நமக்குப் பக்கத்து வட்டாரம்தான். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அதே விரல்களால் கண் ஆபரேஷன் செய்தவர். அப்பத்தா வெளியே வந்ததும், "கண்ணச் சுத்தி மஞ்சத் தண்ணி மாதிரி பூசி, கண்ணுக்குள்ளயும் ரெண்டு சொட்டு விட்டாகய்யா" என்றது. அதே போவிடோன் அயோடின்! கண்ணுக்குள் விடுவதற்கு 5 சதவீதமாகக் குறைப்பார்கள். இமை முடியின் அடியில்தான் அந்தக் கடைக்காரர்கள் கூட்டமாக இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குள் இறங்கினால் பார்வையே போகவும் கூடும். அரவிந்தில் ஆறு லட்சம் புரை ஆபரேஷன்களைக் கணக்கெடுத்து 2017-ல் வெளியிட்டிருக்கிறார்கள். கண்ணுக்குள் அப்படிக் கிருமி புகுந்தது 0.07 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் ஏழு பேர். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஓர் ஆன்டிபயாடிக்கும் செலுத்த ஆரம்பித்த பிறகு பத்தாயிரத்தில் இரண்டு.

இப்போது அப்பாவின் பிளேடுக்குத் திரும்புவோம். பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நூற்றுக்கணக்கில் விழுகின்றன. மயிர்க்காலின் வாயையும் சேர்த்துச் சீவிவிடுகிறது. ஷட்டருக்குப் பின்னால் இருந்தவர்களை நாமே வெளியே இழுத்து, ரத்தமும் நிணநீரும் கசிகிற கீறலில் சாப்பாடும் போட்டு, ராத்திரி முழுக்கப் பெருக விடுகிறோம். காலையில் பூசும் மருந்து மேலே இருப்பவர்களைக் கொல்லும். கீறலுக்குள் புதிதாகக் குடியேறியவர்களை எட்டாது. 1971-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பிளேடால் சிரைத்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்குக் காயத்தில் கிருமி. முடியை எடுக்காதவர்களுக்கும் களிம்பு போட்டு எடுத்தவர்களுக்கும் 0.6 சதவீதம். அதிலும் ஆபரேஷனுக்குச் சற்று முன்னால் சிரைத்தால் 3.1, முதல் நாளே சிரைத்தால் 7.1. இந்த எண்களை நான் கணக்கு நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "முதல் நாளு..." என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, முடியை எடுக்கவே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பர் மெஷினால் மட்டும். பிளேடு எந்த நேரத்திலும் கூடாது. நாம் வீட்டில் செய்ய வேண்டியது சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து, நன்றாக அலசிவிட்டுப் போவது. பீடியைச் சில வாரம் முன்பே நிறுத்துவது. சர்க்கரை இருந்தால் அதை அடக்குவது. அவ்வளவே.

போன ஆவணியில் தாய்மாமாவுக்கு அப்பாவுக்கு வந்த அதே குடல் இறக்கம், அதே பக்கம். நாளைக்கு ஆபரேஷன் என்றதும் அன்று சாயங்காலம் அப்பா என் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார்; பின்னால் நான். மாமா வாசலில் சோப்பு நுரை கலக்கிக்கொண்டிருந்தார். "மாப்ள, அத வையி" என்றார் அப்பா. "ஏன் மச்சான், சுத்தமாப் போக வேண்டாமா?" என்று மாமா கேட்டார். அப்பா ஒன்றும் விளக்கவில்லை. என்னைக் காட்டி, "இவன் சொல்லுவான், கேளு" என்றார். நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்தேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா திண்ணையிலிருந்த புது பிளேடை எடுத்துக் காகிதத்தில் மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.